என் வீட்டுக் கிணறு

எங்கள் சங்கத்தில் சட்டம் என்று இரண்டே இரண்டுதான். மற்ற நேரமெல்லாம் டீ குடிப்போம்.

முதல் சட்டம், ஒருவர் எந்த வகை என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். கட்டியவள் சொல்லக் கூடாது, பெற்றவள் சொல்லக் கூடாது, சங்கத் தலைவரே வந்து நின்றாலும் சொல்லக் கூடாது. இரண்டாவது சட்டம், ஒருவர் தன்னைப் பற்றிப் பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசலாம். அந்த வார்த்தை "அப்புறம்?"

'ஆளுமை வகை அறிவோர் சங்கம்' என்று மூன்றாவது மாடிக் கதவில் பலகை மாட்டியிருக்கிறோம். மனிதர்களின் மனப்போக்கு பதினாறு வகை, தொண்ணூற்று நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பினால் அவரவர் வகை அவரவர் கைக்கு வந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். ஒவ்வொரு வகைக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. நான் மணிக்கூண்டு. அதாவது நேரம் தவறாதவள், ஊருக்கே கேட்கும்படி சொல்பவள். தலைவர் தராசு வகை. மிருக வைத்தியரான அவருக்கு இரண்டு பக்கமும் சரியாகவே படும், எந்த முடிவும் எடுக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கிணறு. உள்ளே ஆழம், வெளியே சத்தம் இல்லை.

அப்படித்தான் எட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன், போங்கள்.

எனக்குப் பிழைப்பு கண்ணாடிக் கடையில். வருபவர்களின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பேன். அவர்கள் கண்ணுக்கு எது தெளிவு என்று அவர்கள்தானே சொல்ல வேண்டும்? அதனால் சங்கத்தின் முதல் சட்டம் எனக்கு அல்வா சாப்பிடுவது போல. 'அப்புறம்' சொல்வதில் எங்கள் கிளையிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை. கன்னத்தில் கை வைத்து நான் ஒரு "அப்புறம்?" போட்டால் கல்லும் பேசும் என்று தலைவர் சொல்வார். சொல்லிவிட்டு, பேசாமலும் இருக்கலாம் என்பார்.

என் கனவு ஆலோசகர் உரிமம். அது கிடைத்தால் தனியாக ஓர் அறை போட்டு உட்காரலாம், ஆட்கள் தேடி வருவார்கள். வாசலில் மாட்ட வேண்டிய பலகையைக்கூட எழுதி வாங்கி பீரோவுக்குப் பின்னால் துணி சுற்றி வைத்திருந்தேன். ஆள் இல்லாத நேரத்தில் துணியை விலக்கிப் பார்த்துக்கொள்வேன். எழுத்துத் தேர்வு, பேச்சுத் தேர்வு எல்லாம் முடித்தாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. உடன் வாழும் ஒருவரை வருடக்கணக்கில் கவனித்து எழுதிய குறிப்பேட்டைத் தலைமையகத்திலிருந்து வரும் தேர்வாளர் படிப்பார், பிறகு அந்த ஆளை நேரில் விசாரிப்பார். அதில் தவறினால் இரண்டு வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது.

நான் எழுதியிருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றி. பக்கம் நாற்பத்தொன்று: 'தினமும் வேலைக்குப் போகும்போது கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறார். தனக்குள் மூழ்கிப்போகும் கிணறு வகையின் ஞாபக மறதி.' பக்கம் எண்பத்தெட்டு: 'சங்க ஆண்டு விழாவில் கிணறு வகையினர் மேஜையில் நான்கு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் அமர்ந்திருந்தார். மேலே பார்த்தபடி ஆழ்ந்த சிந்தனை.' எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்!

இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவருடைய படிவத்தை நிரப்பியது நான். எட்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த மனிதர் இரண்டாவது கேள்வியிலேயே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று மீதித் தொண்ணூற்றிரண்டுக்கும் நானே டிக் அடித்துவிட்டேன். 'நீங்கள் அதிகம் பேசுவீர்களா?' இல்லை. 'கூட்டத்தில் மகிழ்ச்சியாக உணர்வீர்களா?' இல்லை. டிக், டிக், டிக். வீட்டில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லையே!

தேர்வாளர் வரும் சனிக்கிழமை காலை, அவருக்கு இஸ்திரி போட்ட சட்டையை நீட்டியபடி பாடம் நடத்தினேன்.

"கேட்டா ஆமாம், இல்லை. அவ்வளவுதான். வளவளன்னு எதுவும் வேண்டாம். புரிஞ்சுதா?"

"சரிம்மா."

"கண்ணாடியை மறக்காம எடுத்துக்கோங்க."

"சரிம்மா. அந்தச் சங்கத்துக் கட்டடத்து லிஃப்ட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"லிஃப்ட்டாவது கிஃப்ட்டாவது! இன்னைக்கு நீங்க ஒண்ணுமே சொல்லக் கூடாதுன்னுதானே இவ்வளவு நேரம் தொண்டை தண்ணி வத்தக் கத்திட்டு இருக்கேன்!"

"சரிம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

தேர்வாளர் சரியாகப் பத்து மணிக்குக் கட்டடத்து வாசலில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட ஆகாத பெண். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். பின்னால் ஒரு சக்கரப்பெட்டி உருண்டு வந்தது. ஊர் ஊராக எத்தனை பேருடைய கனவை அதில் போட்டு மூடியிருக்கிறாரோ என்று நினைத்தேன். என் மனதுக்குள் அவருக்குச் சக்கரப்பெட்டி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"மூணாவது மாடியா? லிஃப்ட்ல போகலாமா சார்?" என்று சக்கரப்பெட்டி என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"தாராளமா போகலாம் மேடம்! இவரே லிஃப்ட் மெக்கானிக்தான்! நீங்க ரெண்டு பேரும் வாங்க, நான் படியில ஓடிப்போய் ஹாலைத் தயார் பண்றேன்."

இருவரையும் பெட்டியோடு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். இரண்டாவது மாடி தாண்டி நான் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் டடக் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

மூன்றாவது மாடிக்கு ஓடி லிஃப்ட் கதவில் தட்டி, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். உள்ளே கீழிருந்து அவர் குரல் வந்தது.

"பயப்படாதே, ஆபத்து ஒண்ணும் இல்ல. கதவு சரியா மூடலைன்னு அதுவா நின்னுருச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன், முக்கால் மணி நேரத்துல ஆள் வந்துரும்."

தலைவர் ஹாலிலிருந்து சாவிக் கொத்தோடு ஓடி வந்தார். "தீயணைப்புக்குச் சொல்லலாமா? சொல்லலாம். ஆனா சொல்லாம இருக்கிறதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் தரையில் படுத்து, கதவின் அடி இடுக்கில் காதை வைத்தேன். புதுப்புடவை வேறு. கசங்கினால் கசங்கட்டும்.

முதலில் சக்கரப்பெட்டியின் குரல், கொஞ்சம் நடுங்கியபடி. "எனக்கு மூடின இடம்னா பயம் சார். எதாவது பேசிட்டே இருங்க, ப்ளீஸ்."

போச்சு, என்று தலையில் அடித்துக்கொண்டேன். கிணற்றிடம் போய்ப் பேசச் சொல்கிறதே இந்தப் பெண்!

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார்.

எப்படிச் சொல்வது உங்களுக்கு? என் புருஷன் குரல்தான். ஆனால் அந்தக் குரலில் ஏற்றம், இறக்கம், இழுப்பு, நடுவில் ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவது எல்லாம் இருந்தது. ஒன்பதாவது மாடி வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கோபமாகக் கிளம்பி, லிஃப்ட் வராததால் திரும்பிப் போய்ச் சமாதானம் ஆன தம்பதி கதை. தினமும் லிஃப்ட்டிலேயே பன்னிரண்டு மாடி ஏறி இறங்கி, "இன்னைக்குக் கொஞ்சம் குலுங்குது தம்பி" என்று அவரிடம் புகார் எழுதிக் கொடுக்கும் கணக்கு வாத்தியார் கதை. சக்கரப்பெட்டி முதலில் களுக் என்றார். பிறகு கெக்கெக்கே என்றார். பிறகு உள்ளே ஏதோ விழுந்த சத்தம். பெட்டியின் மேல் உட்காரப் போய்ச் சறுக்கியிருக்கிறார். அதற்கும் சிரிப்பு.

"அண்ணே, போதும்ணே, வயிறு வலிக்குது! அப்புறம்?"

அண்ணனாமே! பத்து நிமிஷத்தில் சார் போய் அண்ணன்!

நானும் சிரித்தேன். உரிமம் கண் முன்னால் காற்றில் பறக்கிறது, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறேன். தலைவர் நாற்காலியோடு பக்கத்தில் நகர்ந்து வந்து, "இது யாரு பேசறது?" என்றார். "கிணறு" என்றேன். அவர் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"சட்டைப் பையில கண்ணாடி இருக்கே, போட்டுக்க மாட்டீங்களா அண்ணே?" சக்கரப்பெட்டி கேட்டார்.

"எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது தங்கச்சி. அது பெரிய கதை. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கட்டடத்துல லிஃப்ட் வேலைக்குப் போனேன். கீழே கண்ணாடிக் கடை. உள்ளே ஒரு பொண்ணு, 'இது தெளிவா, இது தெளிவா'ன்னு கேட்டுட்டே இருக்கு. அந்தக் குரலைக் கேட்டதும் நான் ஸ்பேனரைக் கீழே போட்டுட்டேன். மறுநாள் குளிச்சுட்டுப் போய்ச் சோதனைக்கு உட்கார்ந்தேன். கடைசி வரி எழுத்து வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது. தெரியுதுன்னு சொன்னா அனுப்பிருவா இல்ல? 'சரியாத் தெரியலைங்களே'ன்னேன். மறுபடி கேட்டா. 'ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்களே'ன்னேன். ஒரு மணி நேரம்! கடைசியில அரை பவர்னு எழுதிக் குடுத்தா."

"அப்போ இத்தனை வருஷமா?"

"பன்னண்டு வருஷம். வீட்டுல மட்டும் போட்டுக்குவேன். அவ குடுத்ததாச்சே! முதல்ல தலை வலிச்சுது, அப்புறம் பழகிருச்சு. வேலைக்குப் போறப்போ மறந்த மாதிரி வெச்சுட்டுப் போயிருவேன்."

பக்கம் நாற்பத்தொன்று.

"ஆண்டு விழாவுல அந்தக் கிணறு மேஜைன்னு ஒண்ணு போட்டாங்க பாருங்க, ஐயோ! நாலு பேரும் உம்முன்னு இருக்காங்க. வாயைத் திறந்தா அவ மானம் போயிரும். மேலே எத்தனை விளக்குன்னு எண்ணினேன். நாப்பத்திரெண்டு. அதுல ரெண்டு எரியல."

பக்கம் எண்பத்தெட்டு. தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு இது சரி வரலைன்னு அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"



"சொல்லலாம்தான். ஆனா அவ அந்த நோட்டை மடியில வெச்சு எழுதறப்போ நீங்க முகத்தைப் பார்க்கணும். நாக்கைக் கடிச்சுக்கிட்டு, அவ்வளவு அக்கறையா எழுதுவா. என்னைப் பத்தி முந்நூறு பக்கம் வேற யாரு எழுதப்போறாங்க, சொல்லுங்க."

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல எந்தச் சங்கத்தாலும் முடியாது. எத்தனை பேரிடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்றிருப்பேன்! இந்த மனிதரிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறேனா? வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

உள்ளே அடுத்த கதை தொடங்கிவிட்டது. "ஒரு கல்யாணப் பொண்ணு, முழு அலங்காரத்தோட, பதினோராவது மாடிகிட்ட மாட்டிக்கிச்சு. கல்யாணம் மொட்டை மாடியில. எல்லாரும் மேலே காத்திட்டு இருக்காங்க. நான் போய், 'இப்பத் திறந்துடறேம்மா'ன்னேன். அதுக்கு உள்ளேயிருந்து, 'அவசரப்படாதீங்கண்ணே, பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க'ன்னுச்சு."

"ஐயையோ! அப்புறம்?" இது சக்கரப்பெட்டி.

"அப்புறம்?" இது தலைவர், என் தலைக்கு மேலே.

அந்த நேரம் பார்த்துத்தானா கம்பெனி ஆட்கள் வர வேண்டும்! மேலே ஏதோ செய்தார்கள், கீழே ஏதோ செய்தார்கள், லிஃப்ட் மெல்ல ஏறி வந்து நின்று கதவு திறந்தது. சக்கரப்பெட்டி தரையில் சம்மணம் போட்டு, கண்மை கன்னம் வரை வழிய உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் காற்றில் விரித்து, கல்யாணப் பெண்ணின் அலங்காரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். முகம் அப்படி ஒரு வெளிச்சம். பன்னிரண்டு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

என்னைக் கண்டார். கைகள் கீழே இறங்கின. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்.

ஹாலில் விசாரணை ஆரம்பித்தது. சக்கரப்பெட்டி முகம் கழுவிக்கொண்டு வந்து, பழைய இறுக்கத்தோடு படிவத்தையும் குறிப்பேட்டையும் மேஜையில் பரப்பினார்.

"கூட்டத்துல இருக்க உங்களுக்குப் பிடிக்குமா சார்?"

"இல்லை."

"அதிகம் பேசுவீங்களா?"

"இல்லை."

அடேயப்பா, கூச்சமே இல்லாமல் சொல்கிறார்! சக்கரப்பெட்டியின் உதடு ஒரு பக்கம் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"இந்தப் படிவம் நீங்களே நிரப்பினதுதானா?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாம்" என்றார்.

சக்கரப்பெட்டி பேனாவைக் கையில் எடுத்தபடி ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நான் லிஃப்ட்டுல என்ன கேட்டேன்கிறது கணக்கு இல்ல. ஒருத்தர் தன் வகையை அவரேதான் சொல்லணும், அதை மறுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அவர் கிணறுன்னு அவரே சொல்லிட்டார். நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

கேட்டீர்களா? எங்கள் சட்டமே என்னைத் தூக்கிவிட்டது! உரிமம்! பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பலகை! பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டும்தான்.

அவரைப் பார்த்தேன். மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைவதே தெரிந்தது.

"எழுதாதீங்க மேடம்" என்றேன். "அதை நிரப்பினது நான். அவர் தூங்கிட்டு இருந்தார்."

தலைவர்கூட இரண்டு பக்கத்தையும் சொல்லவில்லை. சக்கரப்பெட்டி பேனாவை மூடினார்.

"ரெண்டு வருஷம் ஆகும் அக்கா, திரும்ப எழுத. விதி அப்படி."

"தெரியும்."

வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் நான் மணிக்கூண்டே இல்லை. ஆனால் அந்த வலிக்கு அடியில் ஒரு கிறுகிறுப்பு, ராட்டினத்திலிருந்து இறங்கியவளைப் போல. சக்கரப்பெட்டி புதுப் படிவம் ஒன்றை உருவி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "முழிச்சுட்டு இருக்கிறப்போ நிரப்புங்கண்ணே" என்றார். கதவருகே போனவர் பெட்டியோடு திரும்பி வந்து, "அந்தக் கல்யாணப் பொண்ணு என்னாச்சுன்னு அக்காகிட்ட சொல்லி அனுப்புங்க, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நாங்கள் படி வழியே இறங்கினோம். லிஃப்ட்டை நம்புவதாக இல்லை. அவர் புதுப் படிவத்தைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, திரும்பி, அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினேன்.

"கீழே வாசல்ல அறிவிப்புப் பலகை இருக்கே, கடைசி வரி தெரியுதா?"

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "வண்டிகளை இங்கே நிறுத்தாதீர்கள்" என்று தயங்கித் தயங்கிப் படித்தார்.

என் கண்ணுக்கே தெரியாத வரி. கண்ணாடியை மடித்து என் கைப்பைக்குள் போட்டு மூடினேன்.

"நீ ஏம்மா சொன்னே? கையெழுத்துப் போட்டிருப்பாங்களே. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே."

பதிலுக்குப் பத்து விஷயம் வாய்க்கு வந்தது. அத்தனையையும் விழுங்கினேன். படியில் உட்கார்ந்து, புடவையை ஒதுக்கிப் பக்கத்தில் இடம் விட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்கன்னுச்சு. அப்புறம்?"

அவர் நின்றபடியே என் முகத்தைத் துருவிப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று சந்தேகம். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்புறம்... நான் மேலே போய், சாமான் வரணும், நேரமாகும்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வந்தேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். அதுவும் உள்ளே உட்கார்ந்துச்சு. பத்து நிமிஷம் அரை மணி ஆச்சு. அப்புறம், 'அண்ணே, போகலாம்'னுச்சு. மேலேயா கீழேயான்னு கேட்டேன்."

"ஐயோ!" என்று சொல்லவந்து வாயைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தார். லிஃப்ட்டுக்குள் இருந்த அந்த முகம் வந்துவிட்டது.

"அப்புறம்?" என்றேன்.

அன்று அந்த மூன்று மாடி இறங்க எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.